காணி உரிமையாளர்களின் கவனத்திற்கு

"அறிவித்தல் ஒட்டியாச்சு மிஸ். அந்த லயத்திலீந்து ஒருத்தரும் அசையல்ல."

சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் படியிறங்கிக்கொண்டிருந்தபோது அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று இதைச் சொன்னார். கண்டி நகரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், அலுவலக வேலைக்காகத் தமிழில் எழுத வேண்டியவர்களுக்கு நான் வாரந்தோறும் ஒரு வகுப்பு நடத்துகிறேன். பத்திரிகையில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்து, மற்றவர்கள் எழுதியதை வெட்டியும் ஒட்டியும் அச்சுக்கு அனுப்பியதுதான் அதற்கான என் தகுதி. வங்கி லிகிதர்களும் மருந்துக் கம்பனிப் பிரதிநிதிகளும் மாநகர சபை ஊழியர்களும் வருகிறார்கள். அறிக்கை, விண்ணப்பம், மின்னஞ்சல் என்று அவரவருக்கு ஒரு தேவை இருக்கும். பெரும்பாலான வாரங்களில் எழுத்து சரியில்லாவிட்டால் அவர்களுக்கு வரக்கூடிய ஆகப் பெரிய நட்டம், மேலதிகாரியின் முகச்சுளிப்பு.

இவருடைய நிலைமை வேறு. அக்குறணைப் பெண்மணி. என் வயதுதான். பிரதேச அலுவலகமொன்றில் அனர்த்தப் பிரிவின் உத்தியோகத்தர். மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயம் ஒன்றுக்குப் பின்னால் இருந்த சரிவில் வெடிப்பு விழுந்திருந்தது. ஆய்வாளர்கள் வந்து அளந்துவிட்டு, பெருமழை பெய்தால் அது இறங்கக்கூடும், அதற்கு முன்னர் ஆட்களை வெளியேற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெளியேற்றுவது இவருடைய பொறுப்பு. வடகீழ்ப் பருவமழை தொடங்கும் காலம்.

"நான் எழுதினதில என்ன பிழைண்டு செல்லுங்க மிஸ். ஒரு எழுத்துப் பிழை இல்ல. ஒப்பம் எல்லாம் ஈக்கி. மழை பிடிச்சா நான் அங்க போய் பேர் எழுத வேண்டி வரும். உசிரோட ஈக்கிறவங்கட பேரா, மத்தவங்கட பேராண்டுதான் தெரியாது."

கைப்பேசியில் அறிவித்தலின் படத்தைக் காட்டினார். "காணி உரிமையாளர்களின் கவனத்திற்கு" என்று தலைப்பு. அதற்குக் கீழே ஒரே வாக்கியம்:

"மேற்படி பிரதேசத்தில் நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக மண்சரிவு அபாயம் ஏற்படக்கூடிய சாத்தியக்கூறுகள் காணப்படுவதனால், அபாய அறிகுறிகள் அவதானிக்கப்படுமிடத்துப் பாதுகாப்பான இடங்களை நோக்கி வெளியேறுவதற்குத் தயார் நிலையில் இருக்குமாறு இத்தால் அறிவுறுத்தப்படுகின்றீர்கள்."

எந்தப் பிரதி கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: வாசிக்கிறவர் இப்போது என்ன செய்ய வேண்டும்? அந்த வினைச்சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போடுவேன். கோடு போட இடம் கிடைக்காவிட்டால் பிரதி எழுதியவரிடமே திரும்பிப் போகும். இதில் இடம் கிடைத்தது.

"தயார் நிலையில் இருக்கச் சொல்லியிருக்கிறீங்க," என்றேன். "அவங்க தயாரா இருக்கிறாங்க."

அவர் சிரிக்கவில்லை. "இது மேல இருந்து வார ஃபோமெட் மிஸ். சிங்களத்தில வரும், நாங்க தமிழாக்கி ஊர்ப் பேரப் போடுவம். சட்டத்தில உள்ள சொல்லு ஒண்டும் விடுபட ஏலா."

"சட்டத்தில உள்ள சொல் உங்கட கோப்பில இருக்கட்டும். சுவரில இருக்கிறத யார் படிக்கிறது?"

"லயத்து ஆக்கள்."

"அவங்கள்ட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஒட்டிய ஊழியர் ஒட்டிவிட்டு வந்துவிட்டார். மேலதிகாரியோ, தோட்டத்து ஆட்கள் பிடிவாதக்காரர்கள், தலைக்கு மேலே வந்தாலொழிய அசையமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். எங்கள் பத்திரிகையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு செய்தி விளங்கவில்லை என்றால் அதை எழுதியவரிடம் விளக்கம் கேட்கமாட்டோம். எழுதியவருக்கு அது எப்போதுமே விளங்கும். பக்கத்துப் பிரிவில் கணக்குப் பார்க்கிறவரைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுப்போம். அவர் எந்த இடத்தில் புருவத்தைச் சுருக்குகிறாரோ அந்த இடத்தில்தான் கோளாறு.

திங்கட்கிழமை காலையில் இருவரும் போனோம். அலுவலக வாகனம் வேறொரு வேலையில் இருந்ததால் வத்தேகம வழியாக பஸ்ஸிலும், பிறகு ஓட்டோவிலும். வழி நெடுக மூடுபனி. மழை தூறுவதும் நிற்பதுமாக இருந்தது. சிறு பாலமொன்றைக் கடக்கும்போது அவர் ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி ஆற்று நீரின் நிறத்தைப் பார்த்தார். திரும்பி வரும்போதும் அதையே செய்தார்.

லயம், ரோட்டிலிருந்து படிகள் ஏறிப் போகும் ஒரு மேட்டில் இருந்தது. தகரக் கூரை, வரிசையாகக் காம்பராக்கள் எனப்படும் சிறு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்லும் சிறிய முன்தாழ்வாரம். பின்னால் தேயிலைச் சரிவு. அதற்கும் மேலே, மரங்களுக்கு நடுவில், நீலம் பூசிய ஒரு கோயில். அறிவித்தல் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. எல்லோரும் கடந்து போகும் சுவர். இடத் தெரிவில் குறையில்லை.

வரிசையின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பராவின் இஸ்தோப்பில் ஒரு பெண் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்களைக் கண்டதும் கோடரியைச் சுவரில் சாத்தினார்.

"வாங்க வாங்க. பாத்து வாங்க, வழுக்கும்."

உத்தியோகத்தர் நேராக விடயத்துக்கு வந்தார். "அறிவித்தல் ஒட்டி ஈக்கிதே, பார்த்தீங்களா?"

"பாத்தோங்க. ஏ மக ரெண்டு தடவ சத்தமா வாசிச்சிச்சு. லயமே கேட்டுச்சு."

"அப்ப ஏன் இன்னம் போகல்ல?"

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது எங்களுக்கு இல்லீங்களே."

"உங்களுக்குத்தான்."

"காணி உரிமையாளருன்னு போட்டிருக்குங்க. எங்களுக்கு ஏதுங்க காணி? லயம் தோட்டத்துது. பின்னால இருக்கிற தேயில தோட்டத்துது. இந்தா, இந்தக் கறிவேப்பில மரம் நிக்கிற மண்ணும் தோட்டத்துது. அது தோட்டத்த நடத்துற தொரைக்கு வந்த காயிதம். எடம் மாத்தி ஒட்டிட்டாங்கன்னு சங்கத் தலைவருகிட்ட கூட சொல்லியாச்சு."

அடுத்த இஸ்தோப்பில் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையுடன் உட்கார்ந்திருந்தார். கண்டியில் வயரிங் வேலை செய்பவர், கோயில் மைக் செட்டும் அவர் பொறுப்பில்தான் என்று பிறகு தெரிந்தது. "தொரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுல்ல," என்றார். "அதான் நாங்க வாசிச்சு வச்சிருக்கோம். அவரு வந்தா சொல்லலாம்னு."

இரண்டு மூன்று காம்பராக்களிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

உத்தியோகத்தர் கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தார். நானும் பார்த்தேன். தலைப்பு அங்கேயே இருந்தது. அந்த அறிவித்தல் மூன்று மேசைகளைக் கடந்து வந்திருந்தது. அந்த மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு துண்டுக் காணிக்காவது உரித்துள்ளவர்கள். லயத்து ஆட்களுக்கு அந்தச் சொல் எந்தக் காகிதத்தில் வந்தாலும் ஒரே பொருள்தான்: இது நமக்கு அல்ல. தலைமுறைகளாக அது சரியாகவே இருந்திருக்கிறது. இந்த முறைதான் அது பிழையாகிப்போனது.

வந்த வேலையை அங்கேயே முடித்துக்கொண்டிருக்கலாம். தலைப்பை மாற்றிவிட்டால் போதும் என்று அவருக்கும் தோன்றியது. ஆனால் வாசகர் ஓரிடத்தில் தடுக்கியிருந்தால், அதைத் தாண்டிய பிறகு அடுத்த இடத்தில் தடுக்குவார். அதையும் கேட்டுவிடுவது நல்லது.

"சரி, உங்களுக்குத்தான்னு வச்சுக்குவோம்," என்றேன். "அபாய அறிகுறி கண்டா வெளியேறுங்கன்னு இருக்கு. அபாய அறிகுறின்னா என்ன?"

"ஃபெக்டரியில சங்கு ஊதுவாங்கல்ல?" என்றார் அந்தப் பெண்.

"பாதுகாப்பான இடம்?"

"கோயில்தாங்க. வேற எங்க?"

உத்தியோகத்தர் தலையை உயர்த்தி நீலக் கோயிலைப் பார்த்தார். அது வெடிப்புக்கு மேலே இருந்தது. அங்கே போவதற்கான படிகள் வெடிப்பைக் குறுக்கே கடந்தன. அறிவித்தலை அவர்கள் தங்களுக்கானது என்று நம்பியிருந்தால், அதற்குக் கீழ்ப்படிந்து பிள்ளைகளோடு அந்தப் படிகளில் ஏறியிருப்பார்கள். உத்தியோகத்தர் கைப்பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"வீட்ட ஒருக்கா பார்க்க ஏலுமா?"

அந்தப் பெண் உள்ளே அழைத்துப் போனார். அடுப்படிப் பின்சுவரில், கூரையிலிருந்து தரை வரைக்கும், வெடிப்பு. விரல் நுழையும். அதில் பழைய உரச் சாக்கைத் திணித்து வைத்திருந்தார்கள்.

"எலி தோண்டினதுங்க. அதான் அடைச்சோம்."

பின்கதவு மூடவில்லை. மழையில் பலகை ஊதிவிட்டது என்றார். வெளியே பீலியில், மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழுந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மேலே மாடு இறங்கிக் கலக்கியிருக்கும் என்றார். உத்தியோகத்தர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். ஆய்வாளர்கள் சொல்லியிருந்த அறிகுறிகள் எல்லாமே அந்த ஒரு வீட்டுக்குள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு காரணமும் இருந்தது. எலி, மழை, மாடு. மூன்றும் நம்பத்தக்க காரணங்கள்தான்.

அந்த அடுப்படியில் நின்றபோது எனக்குப் பட்டதை இப்போது வகுப்பில் சொல்லிவருகிறேன். வாசகரை வெற்றுப் பலகை என்று நினைத்துக்கொண்டு எழுத உட்காராதீர்கள். நீங்கள் சொல்லப்போகும் விடயத்தைப் பற்றி அவரிடம் ஏற்கனவே ஒரு விளக்கம் இருக்கும். உங்கள் வாக்கியம் அந்த விளக்கத்தைப் பெயர் சொல்லி அழைத்து, அது ஏன் போதாது என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு விளக்கங்களும் அருகருகே இருக்கும். வாசகர் தன்னுடையதைத்தான் வைத்துக்கொள்வார்.

பிள்ளைக் காம்பராவில் ஒரு சின்னக் கதிரையும் பிள்ளைகள் வரிசையாக உட்காரும் ஒரு நீள வாங்கும் கிடைத்தன. அவர் எழுதினார், நான் பக்கத்தில் இருந்தேன். முதல் பிரதி மறுபடியும் "மேற்படி" என்று தொடங்கியது.

"சத்தமா வாசிங்க," என்றேன்.

வாசித்தார். நடுவழியில் மூச்சு முடிந்தது. நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"மூச்சு எங்க முடிஞ்சுதோ அங்க ஒரு முற்றுப்புள்ளி போடுங்க."

போட்டார். அதுவும் போதவில்லை. காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எங்கட ஊரில ஒரு மவுத்து விழுந்தா பள்ளிவாசல் மைக்கில ஒரு தரம் செல்லுவாங்க மிஸ். இன்னாருட மகன், இன்னாருட மாப்புள்ள காலமாகிட்டாரு. ஜனாஸா இன்ன வீட்டில வச்சீக்கி. அஸர் தொழுகைக்குப் பொறவு இன்ன மையவாடில அடக்கம். அவ்வளவுதான். கடையில நிக்கிறவனும் சமைக்கிற பொம்புளயும் ஒரு தரம் கேட்டா போதும். ஒருத்தரும் திருப்பிக் கேக்கிற இல்ல. எல்லாரும் சரியான இடத்துக்குச் சரியான நேரத்துக்கு வாராங்க."

"ஓ."

"மவுத்தான ஆளுக்கு அப்பிடி எழுத ஏலும்டா, உசிரோட ஈக்கிற ஆக்களுக்கு ஏன் ஏலாது?"

அதற்குப் பிறகு அவருக்கு என் உதவி பெரிதாகத் தேவைப்படவில்லை. யார், என்ன, எங்கே, எப்போது என்ற வரிசை அவர் காதிலேயே இருந்தது. சண்டை ஒரே ஒரு சொல்லில்தான் வந்தது. மலை லயத்தின் மேல் "விழும்" என்று அவர் எழுதியிருந்தார். ஆய்வாளர்கள் "விழலாம்" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"விழலாம்ண்டா போகமாட்டாங்க மிஸ்."

"விழும்னு எழுதி, விழாம விட்டா? அடுத்த முறை நீங்க என்ன எழுதினாலும் நம்பமாட்டாங்க."

"அடுத்த முறைய பார்க்க ஆக்கள் ஈக்கணுமே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லைக் கூட்ட என் கை வரவில்லை. செய்தியின் வலு கடுஞ்சொல்லில் இல்லை, விபரத்தில் இருக்கிறது என்பது என் அனுபவம். கடைசியில் "விழலாம்" என்றே எழுதிவிட்டு, அதற்குக் கீழே அந்த அடுப்படியில் கண்டவற்றைச் சேர்த்தார். எழுதி முடித்தபோது அது இப்படி இருந்தது:

"பழைய லயத்தில் குடியிருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும். லயம் யாருடையதாக இருந்தாலும் இந்த அறிவித்தல் உங்களுக்குத்தான்.

இன்று பொழுது சாய்வதற்குள் லயத்தை விட்டு, ரோட்டுக்குக் கீழே உள்ள பாடசாலைக்குப் போங்கள். கோயிலுக்குப் போக வேண்டாம். கோயிலும் அதே மலையில்தான் இருக்கிறது.

லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. பெருமழை பெய்தால் லயத்தின் மேல் விழலாம். அடுப்படிச் சுவரில் உள்ள வெடிப்பு எலியால் வந்ததல்ல. கதவு மூடாமல் இருப்பது மழையில் ஊதியதால் அல்ல. பீலித் தண்ணீர் கலங்கியது மாட்டால் அல்ல. மலை நகர்வதால்தான் மூன்றும் நடக்கின்றன.

அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் புத்தகங்கள் ஆகியவற்றைக் கையில் எடுங்கள். சாப்பாடு பாடசாலையில் தரப்படும்.

எப்போது திரும்பலாம் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததும் நானே வந்து சொல்வேன்."

கீழே தன் பெயரையும் கைப்பேசி இலக்கத்தையும் எழுதினார். அதைப் படம் பிடித்து மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு அழைப்பெடுத்தார். மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஓம், ஓம், வாசிச்சனான். விளங்குது. ஆனால் எலியும் மாடும் அரசாங்க அறிவித்தலுக்கை வரலாமோ? அதை விடும். கடைசியிலை 'தெரியாது' எண்டு போட்டிருக்கிறீர். அரசாங்கம் தனக்குத் தெரியாதெண்டு சொல்லுறதே? நாளைக்கு மேலை இருந்து என்னைக் கேப்பினம்."

"சேர், தெரியாதத தெரியாதுண்டு போட்டாத்தான் தெரிஞ்சதை நம்புவாங்க."

"ஃபோமெட்டிலை இல்லையே பிள்ளை."

"ஃபோமெட்ல உள்ளத ஒட்டினம் சேர். அது தொரைக்கு வந்த கடதாசிண்டு நெனச்சு அவருக்காக வாசிச்சு வச்சீக்கிறாங்க."

"அப்ப உம்மடை பேரைப் போடும். என்ரை பேரைப் போடாதையும்."

"என்ட பேர்தான் சேர் போட்டீக்கி."

"அப்ப சரி. பாடசாலை அதிபரோடை நான் கதைக்கிறன்." கைப்பேசியை வைக்குமுன் இன்னொன்று சொன்னார்: "கவனமா இரும். மழை இருட்டுது."

அறிவித்தலைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்த அவர் விரும்பவில்லை. ஒரு தரம் காதில் விழ வேண்டும் என்றார். மைக் செட்காரரிடம் போய்க் கேட்டார். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"செட்டு மேல கோயில்ல இருக்கு மிஸ்."

"அங்க போக வேணாம்ண்டுதானே நானே எழுதீக்கிறன்."

"மழை விட்டிருக்கு. ஓடிப்போய்ட்டு வந்திருவேன். அதுவும் சாமி சொத்து, அங்க கெடக்கக் கூடாது."

வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல அந்த மனிதர் படியேறிவிட்டார். அவர் திரும்பி இறங்கி வரும்வரை உத்தியோகத்தர் உட்காரவில்லை. பெட்டியும் குழாயுமாக வந்தவர் அதை எங்களை ஏற்றி வந்த ஓட்டோவின் கூரையில் கட்டினார். கட்டும்போதே ஆலோசனையும் சொன்னார்: "முதல்ல ஒரு பாட்டு போட்டுட்டுத்தான் பேசணும் மிஸ். சும்மா மைக்கத் தட்டினீங்கன்னா தலைவரு பேசப்போறாருன்னு ஆளுக கதவ சாத்திருவாங்க."

"பாட்டு வேணாம். நான் தொடங்குறன்."

தொடங்கினார். பதற்றமில்லாமல், ஒரே சீராக வாசித்தார். அக்குறணைப் பள்ளிவாசலில் அறிவிப்பவரும் இப்படித்தான் வாசிப்பார் என்று நினைக்கிறேன். கோயிலுக்குப் போக வேண்டாம் என்ற வரியில் மட்டும் நிறுத்தி, அதை இரண்டாம் தரம் வாசித்தார். லயத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எலி என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். தொங்கல் காம்பராப் பெண் சிரிக்கவில்லை. அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த உரச் சாக்கு இருந்தது.

"இதப் புடுங்கினேன். கையி முழுசா உள்ள போகுது," என்றார். யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்.

பிறகு கேட்டார்: "மாட்ட என்னா செய்றதுன்னு ஒண்ணும் எழுதலியே மிஸ்?"

"மாடா?"

"மூணு வீட்டுல மாடு இருக்கு. மாட்ட விட்டுட்டு எப்புடி வர்றது? பால் காசுலதான் புள்ளைக படிக்குது."

நல்ல கேள்வி. எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. உத்தியோகத்தர் பாடசாலை அதிபரை அழைத்தார். மைதானத்தில் கட்டலாமா என்று கேட்டார். அதிபர் தயங்குகிறார் என்பது உத்தியோகத்தரின் முகத்தில் தெரிந்தது. "ஒரு பக்கமா கட்டச் செல்றன் சேர். சாணி அள்ளுறதுக்கும் நான் பொறுப்பு," என்றார். சம்மதம் கிடைத்ததும் அறிவித்தலின் ஓரத்தில் கையால் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டு, மைக்கை எடுத்தார்: "மாடுகளையும் அவிழ்த்துக் கொண்டு வாருங்கள். பாடசாலை மைதானத்தில் கட்டலாம்."

அந்த வரிக்குப் பிறகுதான் லயம் உண்மையில் அசையத் தொடங்கியது.

பொழுது சாயும்போது பைகளோடும் பாய்களோடும் பிள்ளைகளோடும் மாடுகளோடும் எல்லோரும் ரோட்டுக்கு இறங்கியிருந்தார்கள். மைக் செட்காரர் தன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அது அறிவித்தலில் இல்லையே என்று உத்தியோகத்தர் கேட்டார். "கொண்டு வரக் கூடாதுன்னும் இல்லீங்களே," என்றார் அவர்.

மழை அடுத்த நாள் பிடித்தது. விடாமல் பெய்தது. அதற்கும் மறுநாள் காலையில் உத்தியோகத்தர் எனக்கு அழைப்பெடுத்தார். வாக்கியங்கள் சிறியவையாக இருந்தன.

"மலை எறங்கிட்டு மிஸ். தொங்கல் காம்பராவும் அடுத்ததும் இல்ல. பிள்ளைக் காம்பராவில பாதி ஈக்கி. கோயில் நிக்கிது, படி இல்ல. உள்ள ஒருத்தரும் இல்ல."

கடைசி வாக்கியத்தை அவர் இரண்டாம் தரமும் சொன்னார், மைக்கில் சொன்னதைப் போல.

பாதை திறந்ததும் நான் பாடசாலைக்குப் போனேன். ஒரு வகுப்பறையில் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மைதானத்தில் மாடுகள். உத்தியோகத்தர் எனக்கு முன்பே வந்திருந்தார். தெரிந்ததும் நானே வந்து சொல்வேன் என்று எழுதியிருந்தாரே, அதைச் சொல்ல. இனி அந்த லயத்தில் யாரும் குடியிருக்க முடியாது என்ற ஆய்வாளர்களின் முடிவு அவர் கையில் இருந்தது. அதை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "திரும்பிப் போக ஏலாது."

"அப்ப நாங்க எங்க போறது?" என்று தொங்கல் காம்பராப் பெண் கேட்டார்.

"அதுக்குத்தான் எழுதப்போறன்."

பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். இந்தக் குடும்பங்களுக்கு வேறு காணி கொடுக்க வேண்டும் என்று கேட்கும் கடிதம். முதலில் "உரிய அதிகாரிகளுக்கு" என்று எழுதினார். எழுதிய கையோடு வெட்டினார். காணி கொடுக்கும் அதிகாரம் எந்த நாற்காலியில் இருக்கிறது என்று அறிய மூன்று அலுவலகங்களுக்கு அழைப்பெடுத்தார். முதல் இரண்டும் மற்ற இடத்தைக் காட்டின. மூன்றாவதில் ஒரு பதவியின் பெயர் கிடைத்தது. அதைக் கடிதத்தின் தலையில் எழுதினார். பிறகு பேனையை நிறுத்தி வைத்திருந்தார்.

அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றார். "மொதல்ல என்னா எழுதப்போறீங்க?"

சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. மழை, மண்சரிவு, ஆய்வறிக்கையின் இலக்கம், பாடசாலை திறக்க வேண்டிய நாள், மாடுகள். வகுப்பில் இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அங்கே அவர் பேனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதிவிட்டு, காகிதத்தை உயர்த்திப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"இந்தக் கடிதத்தில் பெயர் குறிப்பிடப்படும் குடும்பங்கள் எவற்றுக்கும் சொந்தக் காணி இல்லை."

"இந்தக் காயிதமும் தொரைக்குத்தானா?" என்றார் மைக் செட்காரர்.

"இல்ல. அவருக்கும் மேல."

அந்தப் பெண் வாங்கின் மறு முனையில் உட்கார்ந்தார். "அதுதாங்க. அத மேலயே வச்சு எழுதுங்க," என்றார். "எங்க பேரெல்லாம் நான் சொல்றேன்."

உத்தியோகத்தர் அடுத்த வரிக்கு வந்தார்.